அப்பா பயப்படுகிறார், தம்பி துணிகிறான்: 15 லட்சத்தை யார் பேச்சைக் கேட்டு வைப்பது?

கேள்வி: எனக்கு 35 வயது. ஈரோட்டில் இருக்கிறோம். கணவரும் நானும் தனியார் வேலையில் இருக்கிறோம், ஆறு வயதில் ஒரு பையன். அப்பாவுக்கு 64. மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், மாதம் 31,000 ரூபாய் பென்ஷன் வருகிறது. ஓய்வு பெற்றபோது வந்த 25 லட்சம், போன மாதம் வீட்டுமனை விற்ற 15 லட்சம் எல்லாம் எங்கள் ஊர்க் கூட்டுறவு வங்கி ஒன்றில் எஃப்.டி.யாக இருக்கிறது. 1997-இல் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் 30 சதவீத வட்டிக்கு 1,20,000 ரூபாய் போட்டு மொத்தமும் போய்விட்டது. அந்த ரசீது இன்னும் பீரோவில் இருக்கிறது. ஷேர் என்று பேச்செடுத்தாலே அப்பா எழுந்து போய்விடுவார். ஆனால் இதே மனுஷன்தான் கடன் வாங்கித் தோட்டத்தில் மூன்று தடவை போர் போட்டவர்.

தம்பிக்கு 27. கோவையில் வேலை, 45,000 சம்பளம். 2020 லாக்டவுனில் ஷேர் வாங்கி வைக்கும் டீமேட் கணக்கு தொடங்கினான். முதலில் நல்ல லாபம். இரண்டு வருடமாக, ஷேர் விலை ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டும் ஆப்ஷன்ஸ் பண்ணுகிறான். 3 லட்சத்துக்கு மேல் நஷ்டம், அதில் ஒன்றரை லட்சம் ஆப் மூலம் வாங்கிய கடன். இது அப்பாவுக்குத் தெரியாது. மனை விற்ற 15 லட்சத்தைத் தன்னிடம் கொடுத்தால் ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் மீட்டுவிடுவேன் என்கிறான். "நீங்க பயந்தே வாழ்ந்த தலைமுறை" என்று அப்பாவிடம் சண்டை. நானோ மிச்சம் பிடிப்பதையெல்லாம் ஆர்.டி.யிலும் நகையிலும்தான் போடுகிறேன். இதுவரை 12 லட்சம் சேர்ந்திருக்கிறது. ஒரே வீட்டில் வளர்ந்தும் நாங்கள் ஏன் இப்படி ஆளுக்கொரு மாதிரி இருக்கிறோம்? இது பிறவிக் குணமா, வயதா, தலைமுறையா? அந்தப் பணத்தை என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு வணக்கம்.

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். அந்த 15 லட்சத்தைத் தம்பியிடம் கொடுக்க வேண்டாம். பாதியும் வேண்டாம், ஒரு லட்சம் கொடுத்துப் பார்ப்போம் என்பதும் வேண்டாம். அதற்காக அப்பா சொல்வதே சரி என்றும் நான் சொல்லவில்லை. அவருடைய பணம் இப்போது இருக்கும் இடமும் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது. மூன்று தடவை போர் போட்டவர் என்கிறீர்கள். நம் பக்கத்தில் போர் போடுவது எப்படிப்பட்ட காரியம் என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து ஓர் இடத்தைக் காட்டுவார். திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து நிற்கும். அடிக்கு இவ்வளவு என்று கணக்கு, ஆழம் போகப் போக அந்தக் கணக்கும் ஏறும். 600 அடி போயும் வெறும் பாறைத்தூள் மட்டும் பறக்கும்போது, "நிறுத்திக்கலாமா, இன்னும் நூறு அடி பாக்கலாமா?" என்று ரிக்காரர் கேட்பார். தண்ணீர் வராவிட்டால் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது. 2020 ஜனவரியில் 42,000-ஐத் தொட்ட பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் மார்ச் 23-இல் 25,981-க்கு விழுந்தபோதுகூட, சந்தை முழுவதிலும் பரவலாகப் போட்டவரின் 100 ரூபாய் 62 ரூபாயாகத்தான் ஆனது. வறண்ட போரில் 100 ரூபாயும் போகும். அதுவும் கடன் வாங்கிப் போட்ட பணம். மூன்று தடவை "போடுங்க" என்று சொன்னவரைப் பயந்தவர் என்று யாரும் சொல்ல முடியாது. தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்.

ரிஸ்க் எடுக்கும் மனம் ஒருவருக்கு எல்லா விஷயத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. எல்கே வெபர் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2002-இல் இதற்காகவே ஓர் அளவுகோல் தயாரித்தார்கள். பணம், உடல்நலம், பொழுதுபோக்கு, சமூக உறவு, நெறி என்று ஐந்து பக்கமும் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தார்கள். ஒன்றில் துணிகிறவர் இன்னொன்றில் ஒதுங்கினார். பெரும்பாலும் குணம் மாறியதால் அல்ல, அந்த விஷயத்தில் எவ்வளவு ஆபத்து இருப்பதாக அவர் பார்க்கிறார் என்பது மாறியதால். உங்கள் அப்பாவுக்கு மண் தெரியும். பக்கத்துத் தோட்டத்தில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று தெரியும். தோற்றாலும் எதனால் தோற்றோம் என்று புரியும். ஷேரில் இதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் கால் வைக்க மறுப்பதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன்.

அடுத்தது தலைமுறை. இதில் உண்மை இருக்கிறது, ஆனால் தம்பி சொல்லும் விதத்தில் இல்லை.

அப்பா சம்பளத்தில் மிச்சம் பிடித்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். பி.பி.எஃப். என்ற பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்குக்கு 1986 முதல் 2000 ஜனவரி வரை 12 சதவீத வட்டி. அரசு உத்தரவாதம், வரியும் கிடையாது. பணத்தைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருந்தாலே ஆறு ஆண்டில் இரட்டிப்பாகும் என்றால் யார் போய் ஷேர் வாங்குவார்கள்? விலைவாசியும் அப்போது வேகமாக ஏறியது, 1991-லும் 1998-லும் 13 சதவீதத்தை ஒட்டி. ஆகவே கைக்கு நின்றது அவர் நினைத்த அளவு இல்லை. ஆனால் பாஸ்புக்கில் 12 என்ற எண் தெரிகிறது, விலைவாசி அதில் தெரிவதில்லை. அந்த வயதில் மனதில் பதிந்த கணக்கு சுலபத்தில் மாறாது.

இன்னொன்று, வாசல். அவர் உங்கள் தம்பி வயதில் இருந்தபோது பங்கு என்பது காகிதச் சான்றிதழ். புரோக்கரைத் தேடிப் போக வேண்டும், பெயர் மாற்றத்துக்குக் காத்திருக்க வேண்டும், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வரும். பங்குகளைக் கணினிப் பதிவாக வைக்கும் என்.எஸ்.டி.எல். நிறுவனம் தொடங்கி டீமேட் முறை வந்ததே 1996-இல்தான். ஈரோட்டில் மின்வாரிய வேலைக்குப் போய்வந்து, தோட்டத்தையும் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு அந்த வாசல் திறந்திருந்ததாகச் சொல்ல முடியாது. தம்பிக்கோ ஆதாரும் பான் எண்ணும் போனும் இருந்தால், உட்கார்ந்த இடத்தில் கணக்குத் திறந்துவிடும். இதைத் துணிச்சலில் உள்ள வித்தியாசமாக எண்ணக்கூடாது.

அப்புறம் அந்த 1,20,000 ரூபாய். உல்ரிக்கே மால்மெண்டியர், ஸ்டெஃபான் நாகெல் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் அமெரிக்கக் குடும்பங்களின் 1960 முதல் 2007 வரையிலான விவரங்களை வைத்துச் செய்த ஆய்வு 2011-இல் வெளியானது. வாழ்நாளில் பங்குச் சந்தை மோசமாக இருந்த காலத்தைப் பார்த்தவர்கள், பிறகு ரிஸ்க் எடுக்கத் தயங்குகிறார்கள், பங்குகளில் குறைவாகப் போடுகிறார்கள் என்று கண்டார்கள். சமீபத்தில் பட்டதுதான் அதிகம் உறுத்துகிறது. ஆனாலும் பல பத்தாண்டு முன் பட்ட அடியின் தடம் முழுக்க அழிவதில்லை. புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதும் சொந்தப் பணத்தில் பட்டுத் தெரிந்துகொள்வதும் வேறு வேறு என்பதைத்தான் இது காட்டுகிறது. அப்பா பட்டுத் தெரிந்துகொண்டவர். 1990-களில் நம் மாநிலத்தில் அத்தனை பைனான்ஸ் கம்பெனிகள் மூடப்பட்டதால்தான் 1997-இல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டமே கொண்டுவர வேண்டி வந்தது. அவர் ஒருவருடைய ஏமாளித்தனம் அல்ல அது. வீட்டில் யாராவது அவரிடம் இதைச் சொல்லியிருக்கிறீர்களா? இல்லையென்றால் சொல்லுங்கள். முப்பது ஆண்டாக அதைத் தன் தவறு என்று மட்டுமே சுமந்துகொண்டிருப்பார்.

ஆனால் அந்த அனுபவத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. அவரை அடித்தது ஷேர் அல்ல. 'மாதா மாதம் நிச்சயமாக இவ்வளவு' என்று ஒருவர் கொடுத்த வாக்குதான். வங்கி 12 கொடுத்த காலத்தில் இன்னொருவர் 30 கொடுப்பதாகச் சொன்னால், மிச்சம் 18 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எழவில்லை. தொகை நிச்சயம் என்று சொல்லிவிட்டால் நமக்குப் பயம் போய்விடுகிறது. 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்பில் பணம் போட்டவர்களும் இப்படித்தான் மாத வருமானம் நிச்சயம் என்பதை நம்பினார்கள். அரசு போலவே நம்பப்பட்ட யூ.டி.ஐ. நிறுவனத்தின் யு.எஸ்.64 முதலீட்டுத் திட்டமும் 2001 ஜூலையில் யூனிட்டைத் திருப்பி வாங்கிப் பணம் கொடுப்பதை நிறுத்தி வைத்தது, லட்சக்கணக்கான நடுத்தரக் குடும்பங்கள் தவித்தன. ஏறி இறங்குவது கண்ணில் தெரிகிறது என்பதால் ஷேர் ஆபத்தாகத் தோன்றுகிறது. ஏறாமல் இறங்காமல் இருப்பது பாதுகாப்பாகத் தோன்றுகிறது, திடீரென்று ஒரு நாள் முழுதாக நின்றுபோகும் வரை.

இதனால்தான் அப்பாவின் 40 லட்சம் ஒரே கூட்டுறவு வங்கியில் இருப்பது எனக்குக் கவலை தருகிறது. அந்த வங்கி நன்றாகவே நடந்துகொண்டிருக்கலாம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வைப்புத்தொகை காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான். 2020 பிப்ரவரியில்தான் அது 1 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்ந்தது. அசலும் வட்டியும் சேர்த்து, எல்லாக் கிளைகளும் சேர்த்துத்தான் அந்த 5 லட்சம். நான்கு ரசீதாகப் பிரித்துப் போட்டிருந்தாலும் கணக்கு ஒன்றுதான். அதாவது ரிஸ்க் வேண்டாம் என்று சொல்லும் அப்பா, 35 லட்சத்துக்குக் காப்பீடு இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். இதை அவரிடம் சொல்லும்போது ஷேர் என்ற பேச்சே வரக்கூடாது. "ஒரே இடத்தில் வேண்டாமப்பா, பிரித்து வைக்கலாம்" என்று மட்டும் பேசுங்கள். 1997-ஐ மறக்காத மனிதருக்கு இது உடனே புரியும்.

இனி தம்பி. அவனுக்கும் அதே விதிதான். அவன் கணக்குத் திறந்தது சந்தை அடிமட்டத்தில் கிடந்த காலம். 25,981-இல் இருந்த சென்செக்ஸ் 2021 பிப்ரவரி நடுவில் 52,000-ஐத் தாண்டியது. பதினோரு மாதத்தில் இரண்டு மடங்கு. 21 வயதில், முதல்முதலாகப் போட்ட பணம் அப்படி வளர்ந்தால் யாருக்கும் தன் மூளை மேல்தான் நம்பிக்கை வரும். 2008-இல் 21,000-இலிருந்து ஏறக்குறைய 8,000-க்கு வந்த சந்தையை அவன் பார்த்ததில்லை. அப்பாவுக்கு முதல் அனுபவம் அடி, அவனுக்கு முதல் அனுபவம் பரிசு. இருவரும் அவரவர் பார்த்த சிறு துண்டை முழு உலகம் என்று நம்புகிறார்கள்.

ஆனால் இன்று அவன் கேட்கும் 15 லட்சத்துக்கும் அந்தத் துணிச்சலுக்கும் சம்பந்தமே இல்லை. டேனியல் கானமன், ஏமோஸ் டிவெர்ஸ்கி இருவரும் 1979-இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. 3,000 நிச்சயமாகக் கிடைக்கும், அல்லது 80 சதவீத வாய்ப்பில் 4,000 கிடைக்கும், எது வேண்டும் என்றால் 80 சதவீதம் பேர் நிச்சயமான 3,000-ஐ எடுத்தார்கள். அதையே திருப்பி, 3,000 நிச்சயமாக நஷ்டம், அல்லது 80 சதவீத வாய்ப்பில் 4,000 நஷ்டம் என்றபோது 92 சதவீதம் பேர் சூதாடத் தயாரானார்கள். எல்லாம் சாதாரண மனிதர்கள். நஷ்டத்தில் நிற்கும்போது, அதை ஒப்புக்கொண்டு நிறுத்துவதைவிட எப்படியாவது மீட்டுவிடலாம் என்றே மனம் இழுக்கும். உங்கள் தம்பி அந்த இடத்தில்தான் நிற்கிறான். இது இளம் தலைமுறையின் தைரியம் அல்ல. 3 லட்சம் போன வலி. அவன் மேல் கோபப்படாமல் இப்படிப் பார்த்தால், அவனோடு பேச உங்களுக்கு வழி கிடைக்கும்.

அவன் செய்வது பங்கு முதலீடும் அல்ல. ஆப்ஷன் வாங்கினால் குறிப்பிட்ட நாளுக்குள் விலை நாம் நினைத்த பக்கம், நினைத்த அளவு நகர வேண்டும். நகராவிட்டால் எக்ஸ்பைரி என்ற அந்தக் கடைசி நாளில் போட்டது பூஜ்யம். நல்ல கம்பெனியின் பங்கு விழுந்தால் காத்திருக்கலாம், இதில் காத்திருக்க முடியாது. 2024 செப்டம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி வெளியிட்ட ஆய்வில், 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டில் ஃபியூச்சர்ஸும் ஆப்ஷன்ஸும் சேர்ந்த எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். மொத்த நஷ்டம் 1,80,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் இறங்கியவர்களில் 30 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் பங்கு ஒரே ஆண்டில் 31 சதவீதத்திலிருந்து 43 சதவீதம் ஆகியிருக்கிறது. இந்தப் பிள்ளைகளின் பணம் கண் முன்னால் போவதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருக்கிறது. என்னிடம் வரும் பெற்றோர் பலர் 'பையன் ஷேர் பண்றான்' என்றுதான் சொல்கிறார்கள். கணக்கை வாங்கிப் பார்த்தால் ஒரு பங்குகூட இருக்காது.

ஒரே வீட்டில் வளர்ந்தோமே என்று கேட்டிருந்தீர்கள். பிறவிக் குணத்துக்கும் இடம் உண்டு. ஸ்வீடனில் 37,000-க்கும் மேற்பட்ட இரட்டையர்களின் முதலீட்டு விவரங்களை எடுத்து, ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்களையும் மற்ற இரட்டையர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2010-இல் வந்தது. பங்குகளில் இறங்குவதா, எவ்வளவு போடுவது என்பதில் ஆட்களுக்குள் காணும் வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிறப்போடு வந்தது என்று அதில் தெரிந்தது. வளர்ந்த வீட்டின் செல்வாக்கு இளம் வயதில் இருக்கிறது, சொந்த அனுபவம் சேரச் சேரத் தேய்ந்துவிடுகிறது. அதனால் அக்காவும் தம்பியும் வேறு மாதிரி இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. புதியதைத் தேடும் சுபாவமும் கலகலப்பும் உள்ளவர்கள் கொஞ்சம் துணிவார்கள். எதற்கும் மனம் பதறுகிறவர்களும் எதையும் ஒழுங்காகத் திட்டமிடுகிறவர்களும் கொஞ்சம் தயங்குவார்கள். வயது ஏற ஏறத் தயக்கம் கூடுவதும் ஆய்வுகளில் தெரிகிறது. ஆனால் அது வயதா, அந்த வயதுக்காரர்கள் பார்த்துவந்த காலமா என்று பிரிப்பது கடினம். 64 வயதுக்காரர் ஒவ்வொருவரும் 1990-களைத் தாண்டி வந்தவர்தானே.

சுபாவத்தைத் திருத்த வேண்டியதில்லை. அப்பாவைத் துணிந்தவராக்கவும் தம்பியைப் பயந்தவனாக்கவும் முயன்றால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். நான் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்பேன். மனம் எவ்வளவு இறக்கத்தைத் தாங்கும், குடும்பத்தின் வரவு செலவு எவ்வளவு இறக்கத்தைத் தாங்கும், அந்தப் பணத்துக்கு ரிஸ்க் எடுக்க வேண்டிய தேவை இருக்கிறதா. உங்கள் வீட்டில் மூவருக்கும் இந்த மூன்றும் மூன்று விதமாக இருக்கின்றன.

அப்பாவுக்கு மனம் தாங்காது. தேவையும் இல்லை. அவருடைய பென்ஷனில் அகவிலைப்படி சேர்ந்து ஏறுகிறது, விலைவாசிக்கு அதுவே பாதி பாதுகாப்பு. பின் எதற்கு அவரைச் சந்தைக்கு இழுக்க வேண்டும்? மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அவர் பெயரில் 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலிலிருந்து 8.2 சதவீத வட்டி. போடும் நாளில் இருக்கும் வட்டி ஐந்து ஆண்டுக்கு மாறாது. 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 61,500 ரூபாய் வரும், வரி மட்டும் உண்டு. தபால் நிலையத்திலேயே போடலாம், அவருக்குப் பழகிய இடம். கூட்டுறவு வங்கி டெபாசிட்களை இப்போதே உடைத்தால் வட்டி குறையும், அதனால் ஒவ்வொன்றும் முதிர முதிர மாற்றுங்கள். அந்த வங்கியில் நாலரை லட்சத்துக்கு மேல் வைக்க வேண்டாம், ஓராண்டு வட்டி சேர்ந்தாலும் 5 லட்சத்துக்குள் நிற்கும். மீதியை ஒரு பொதுத்துறை வங்கியில் மருத்துவச் செலவுக்கென்று தனியாக வையுங்கள். அம்மாவைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அப்பாவுக்குப் பின் அம்மாவுக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் இப்போதைய பென்ஷனைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இந்த 40 லட்சம் உண்மையில் அம்மாவின் பிற்காலத்துக்கான பணம். நாமினி பெயர் எல்லாக் கணக்கிலும் சரியாக இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

தம்பிக்கு மனம் தாங்குகிறது என்று அவன் நினைக்கிறான், வரவு செலவு தாங்கவில்லை. கடன் வாங்க ஆரம்பித்த அன்றே அது தெரிந்துவிட்டது. முதல் வேலை, எஃப் அண்ட் ஓ வசதியைக் கணக்கில் நிறுத்தச் சொல்வது. அடுத்தது ஆப் கடனை அடைப்பது. அந்தக் கடனுக்குப் போகும் வட்டியை நிறுத்துவதைவிட நிச்சயமான லாபம் அவனுக்கு எந்தச் சந்தையிலும் கிடைக்காது. சம்பளத்தில் மாதம் 12,000 ஒதுக்கினால் ஓராண்டு கொஞ்சத்தில் முடிந்துவிடும். நீங்கள் உதவ நினைத்தால் பணத்தை அவன் கையில் கொடுக்காமல் கடன் கணக்கில் நேராகக் கட்டுங்கள். அதற்குப் பிறகு சந்தைக் குறியீட்டில் உள்ள கம்பெனிகளில் பரவலாகப் போடும் இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்றில், மாதா மாதம் 5,000 கட்டும் எஸ்.ஐ.பி. போடட்டும். அவனுடைய சுபாவத்துக்கு இது மட்டும் போதாது என்று எனக்குத் தெரியும். மாதம் 2,000, 3,000-க்கு அவனே தேர்ந்தெடுத்து நல்ல கம்பெனிப் பங்குகள் வாங்கட்டும், கடன் இல்லாமல், ஏன் வாங்கினேன் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டு. 27 வயதில் பங்குகளில் ஆர்வம் இருப்பது நல்ல விஷயம். அதை மிரட்டி அணைத்துவிடாதீர்கள். ஆனால் நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டு மறைவாகத் தொடர்ந்தாலோ, மறுபடி கடன் வாங்கினாலோ, தூக்கம் கெட்டு எந்நேரமும் போனும் கையுமாக இருந்தாலோ, அது பண ஆலோசனையில் தீராது. மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். அரசின் டெலி மானஸ் 14416 எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

அப்பாவிடம் நஷ்டத்தைச் சொல்வதா என்று உங்களுக்கு உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். சொல்ல வேண்டும், ஆனால் நீங்கள் சொல்லக்கூடாது. தம்பிதான் சொல்ல வேண்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். 1,20,000 ரூபாயைத் தொலைத்துவிட்டு அன்று வீட்டுக்குள் எப்படி வந்தேன் என்று அந்த மனிதருக்கு நன்றாக நினைவிருக்கும். பிள்ளையைப் புரிந்துகொள்ள இந்த வீட்டில் அவரைவிடத் தகுதியான ஆள் இல்லை.

கடைசியாக நீங்கள். உங்கள் மூவரில் ரிஸ்க் எடுக்க வசதி உள்ள ஒரே ஆள் நீங்கள்தான், எடுக்காததும் நீங்கள்தான். இரண்டு சம்பளம், பையன் கல்லூரிக்குப் போக இன்னும் பன்னிரண்டு ஆண்டு, ஓய்வுக்கு அதற்கும் மேல். 1997-இல் உங்களுக்கு ஆறேழு வயது. பணம் போனது உங்களுடையது அல்ல, ஆனால் அந்த ஆண்டு வீட்டில் இருந்த பேச்சும் மௌனமும் உங்கள் மேலும் படிந்திருக்கும். பெண்கள் என்றாலே பயம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் 35,000 குடும்பங்களின் கணக்கை வைத்து 2001-இல் வந்த ஆய்வில், ஆண்கள் பெண்களைவிட 45 சதவீதம் அதிகமாக வாங்கி விற்று, அதனாலேயே தங்கள் லாபத்தைப் பெண்களைவிட அதிகமாகக் குறைத்துக்கொண்டார்கள். நிதானம் உங்களுக்குப் பலம்தான். தங்கம் இறங்கவே இறங்காது என்ற நம்பிக்கை இருந்தால் மட்டும் அதை விட்டுவிடுங்கள். 2012-இல் 10 கிராம் 31,000-ஐ ஒட்டி இருந்த விலை 2015-இல் 26,000-ஐ ஒட்டி வந்ததைப் பார்த்திருக்கிறோம்.

ஆறு மாதச் செலவுக்கான பணத்தை ஆர்.டி.யிலும் எஃப்.டி.யிலும் வைத்துக்கொண்டு, பையன் படிப்புக்கென்று மாதம் 3,000 ரூபாயில் ஓர் இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்.ஐ.பி. தொடங்குங்கள். உங்கள் சம்பளத்துக்கு இது சிறிய தொகை, தெரிந்தேதான் சொல்கிறேன். முதல் தடவை சந்தை இறங்கும்போது தூக்கம் வருகிறதா என்று உங்களுக்கே தெரியட்டும். இறங்குவதைச் சதவீதத்தில் யோசிக்காதீர்கள், ரூபாயில் யோசியுங்கள். 38 சதவீதம் என்றால் ஒன்றும் தோன்றாது. 10 லட்சம் என்று இருந்த இடத்தில் 6,20,000 என்று திரையில் தெரிந்தால், விற்காமல் இருப்பேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருப்பேன் என்று ஓர் இறக்கத்தைப் பார்த்த பிறகும் தோன்றினால் தொகையைக் கூட்டுங்கள். தோன்றாவிட்டால் 3,000-இலேயே நில்லுங்கள், அதுவும் தப்பில்லை.

நேரில் ஆலோசகரைப் பார்ப்பதானால், செபியில் பதிவு பெற்றவரா என்று செபி இணையதளத்தில் பதிவு எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டு, கமிஷன் வாங்காமல் கட்டணம் மட்டும் வாங்குபவரிடம் போங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. மனை விற்ற லாபத்துக்கு வரி உண்டு. விற்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அந்த லாபத்தை அதற்கென்று உள்ள ஐந்தாண்டுப் பத்திரங்களில் போட்டால் வரியைத் தவிர்க்கலாம். போன மாதம் விற்றது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தை எங்கே மாற்றுவதாக இருந்தாலும், மனை விற்ற பத்திரத்தையும் வாங்கியபோது எழுதிய பழைய கிரயப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு முதலில் ஓர் ஆடிட்டரைப் பாருங்கள்.